பென்ஷன் பணம் எங்கே இருக்கிறது?

ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் நாம் அகவிலைப்படி பற்றிப் பேசுவோம். மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசுவோம். எண்பது வயதானால் கிடைக்கும் கூடுதல் 20 சதவீதம், கம்யூட்டேஷன் பிடித்தம் எந்த மாதத்தோடு முடிகிறது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் நமக்கு வரப்போகிற பென்ஷன் பணம் இன்றைக்கு எங்கே இருக்கிறது?

பழைய திட்டத்தில் ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்களுக்குப் பதில் சுருக்கமானது. எங்கேயும் இல்லை.

இதை நம்பாதவர்கள் உண்டு. "முப்பது வருஷம் பிடித்தம் செய்தார்களே" என்பார்கள். பிடித்தது ஜி.பி.எஃப்.; அது நம் சொந்தச் சேமிப்பு. ஓய்வு பெற்றபோது வட்டியோடு வாங்கிக்கொண்டு வீட்டைப் பூசினோம், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தோம். பென்ஷனுக்கென்று நம் சம்பளத்தில் ஒரு பைசாவும் பிடிக்கவில்லை. அரசும் நம் பெயரில் எதையும் தனியாக எடுத்து வைக்கவில்லை. கருவூலத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: 2071 என்ற கணக்குத் தலைப்பில் மாதாமாதம் எழுதப்படும் செலவுதான் நம் பென்ஷன். இந்த மாதம் மக்கள் கட்டிய வரியிலிருந்தும், வரி போதாவிட்டால் அரசு வாங்கிய கடனிலிருந்தும் அது வருகிறது. தமிழக அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஓய்வூதியச் செலவுக்கு மட்டும் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். சம்பளம், வட்டி, பென்ஷன் மூன்றையும் கொடுத்தபின் மிஞ்சுவதில்தான் பள்ளிக்கூடமும் பாலமும் குடிநீரும்.

இப்படிச் சொன்னதும், "அப்படியானால் பென்ஷன் என்பது அரசு போடும் பிச்சையா?" என்று சிலருக்குக் கோபம் வரும். இல்லவே இல்லை. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் தீர்ப்புச் சொல்லி அந்தப் பேச்சை முடித்து வைத்தது. ஓய்வூதியம் சன்மானமும் அல்ல, முதலாளியின் தயவும் அல்ல. உழைத்த காலத்துக்கான உரிமை என்றது. அந்த நாளைத்தான் வருஷா வருஷம் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். வெளியே கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு முப்பது வருஷம் வேலை பார்த்தோம். கொடுக்காமல் ஒத்திவைத்த அந்தப் பங்கைத்தான் இப்போது வாங்குகிறோம். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

என் கவலை வேறு. உரிமை என்று கோர்ட் சொல்லலாம். அந்த உரிமைக்கான பணத்தை ஒருவர் எடுத்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? எடுத்து வைக்காத வாக்குறுதி என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் ஊர்ப் பேருந்து நிலையம் வரை போனால் போதும்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்து 60 வயதில் ஓய்வு பெறுகிறார். 35 வருஷ சர்வீஸ். 80 வயது வரை இருக்கிறார். 20 வருஷம் அரைச் சம்பளம் பென்ஷன். அதாவது மொத்தம் 10 வருஷ முழுச் சம்பளத்துக்குச் சமமான தொகை அவருக்குத் தர வேண்டும். எடுத்து வைத்த பணத்துக்கு வட்டி வரும். ஆனால் சம்பளமும் அகவிலைப்படியும் விலைவாசியோடு ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 வருஷச் சம்பளத்தை 35 வருஷத்தில் சேர்க்க வேண்டும். பத்தை முப்பத்தைந்தால் வகுத்தால், நூறு ரூபாய் சம்பளத்துக்குச் சுமார் 28 ரூபாய் 50 பைசா ஒவ்வொரு மாதமும் ஒதுக்கினால்தான் வாக்குறுதி நிற்கும். அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம் ஐந்தாறு வருஷம் என்று சேர்த்தால் 30 ரூபாயைத் தாண்டும். வட்டி நன்றாக வந்தால் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது சும்மா மனக்கணக்குதானே என்று தள்ளிவிட வேண்டாம். மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்து 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். 25 வருஷ சர்வீஸுக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அதற்காக ஊழியர் பங்கு 10 சதவீதம், அரசின் பங்கு 18.5 சதவீதம். கூட்டினால் 28.5. நாம் பென்சிலால் போட்ட கணக்கும் டெல்லியில் பெரிய அதிகாரிகள் போட்ட கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இந்த 28-ஐ மனதில் வைத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகத்துக்கு வருவோம்.

தனியார் பஸ்களை அரசுடைமை ஆக்கி 1972-இல் தொடங்கிய கழகங்கள் அவை. நம் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் சோழன், பாண்டியன், சேரன் என்றுதான் வரும். அந்தப் பெயர்கள் 1997-இல் போயின. அடுத்த வருஷம், 1998-இல், அந்தத் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அரசு ஊழியரைப் போல அவர்களுக்குக் கருவூலத்திலிருந்து பென்ஷன் கிடையாது. தனியாக ஒரு ஓய்வூதிய நிதி அறக்கட்டளை அமைத்தார்கள். தொழிலாளிக்காக நிர்வாகம் கட்ட வேண்டிய பி.எஃப். பங்கு அந்த அறக்கட்டளைக்குப் போகும். அதிலிருந்து பென்ஷன் கொடுப்பார்கள். ஏற்பாட்டின் எண்ணம் நல்லதுதான். பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கைகாட்ட ஒரு பெட்டியாவது இருந்தது.

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஆரம்பத்திலேயே இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, பி.எஃப். பங்கு என்பது நூற்றுக்கு 12. நம் கணக்குப்படி அது அரைச் சம்பளத்துக்கு அல்ல, கால் சம்பளப் பென்ஷனுக்கே போதாத தொகை. இரண்டாவது, 1998-இல் ஏற்கெனவே இருபது, இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டி முடித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் அவர்கள் ஓய்வு பெறத் தொடங்கினார்கள். பணம் சேர்வதற்கு முன்பே கொடுக்கிற வேலை வந்துவிட்டது.

இது போதாதென்று மூன்றாவதாக ஒரு அடி விழுந்தது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, பங்களிப்புத் திட்டம்தான் என்று ஆனது. அரசு அலுவலகத்தில் இந்த மாற்றத்தால் பழைய பென்ஷனருக்கு உடனடி பாதிப்பு இல்லை. அவருக்கு வருவது வரிப்பணம். போக்குவரத்து அறக்கட்டளையில் கதை வேறு. புதிதாகச் சேரும் டிரைவர், கண்டக்டரின் கணக்கில் வரும் பணம் இந்தப் பெட்டிக்கு வராது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறப்பெற, கட்டுகிறவர் எண்ணிக்கை குறைகிறது. வாங்குகிறவர் எண்ணிக்கை கூடுகிறது. வாய்க்காலை அடைத்துவிட்டு ஏரியில் தண்ணீர் இறைப்பது மாதிரி. ஏரி வற்றியதற்கு இறைத்தவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

விளைவு என்ன? 2015 நவம்பரிலிருந்து போக்குவரத்து ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி உயர்வு நின்றது. வருஷக்கணக்கில் நின்றது. வழக்கு மேல் வழக்கு போட்டார்கள். 2024 ஜனவரி 9-ஆம் தேதி தொடங்கிய பஸ் ஸ்ட்ரைக்கில் ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படியும் முக்கியக் கோரிக்கை. பொங்கல் நேரத்தில் ஸ்ட்ரைக்கா என்று நம்மில் பலர் எரிச்சல்பட்டோம். ஆனால் நமக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி உயர்வு நாலு மாதம் தள்ளிப்போனாலே என்ன பேச்சுப் பேசுகிறோம்? அவர்களுக்கு அரிசி விலையும் மாத்திரை விலையும் மட்டும் 2015-லேயே நின்றுவிடவில்லை.

கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன, எங்கிருந்து கொடுப்பது என்பது பதிலாக வரும். நஷ்டம் உண்மைதான். 2018 ஜனவரிக்குப் பிறகு டீசல் விலை எங்கோ போயும் பல வருஷங்கள் கட்டணம் ஏறவில்லை. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். மாணவர்களுக்கு இலவசப் பாஸ் வெகு காலமாக உண்டு. இவையெல்லாம் நல்ல காரியங்கள் என்றே நான் நினைக்கிறேன். கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்தப் பணம் பெரிது. ஆனால் சமுதாயம் செய்ய விரும்பும் நல்ல காரியத்துக்குச் சமுதாயம்தான் செலவு செய்ய வேண்டும். அதை எழுபது வயது கண்டக்டரின் அகவிலைப்படியிலிருந்து எடுக்கக் கூடாது.

அடுத்து நம் பிள்ளைகள் கதை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அரசு அதே அளவு போடுகிறது. மத்திய அரசு 2004-இல் தன் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தபோது மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தன. மேற்கு வங்காளம் பழைய திட்டத்தையே வைத்துக்கொண்டது. தமிழகம் இரண்டும் இல்லாமல் தனி வழி போனது. பிடித்த பணத்தை அந்த மத்திய ஆணையத்திடம் கொடுக்காமல், அரசு தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டு ஜி.பி.எஃப். அளவுக்கு வட்டி எழுதி வந்தது. ஓய்வு பெற்றவருக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைத்தது. மாதப் பென்ஷன் என்று ஒன்று கிடையாது. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த இருவரில், 2003 மார்ச்சில் சேர்ந்தவருக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன், ஏப்ரலில் சேர்ந்தவருக்கு ஒரு காசோலை. இதை நியாயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் "பழைய பென்ஷனைத் திருப்பிக் கொடு" என்ற குரல் நாடு முழுக்க எழுந்தது. 2022-இல் ராஜஸ்தான் முதலில் அறிவித்தது. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் என்று வரிசையாக வந்தன. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பழைய திட்டத்துக்குத் திரும்புகிறோம் என்று அறிவிக்கும் அரசுக்கு உடனே லாபம்தான். மாதாமாதம் புதிய திட்டத்தில் போட வேண்டிய பங்கு மிச்சம். 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பெருமளவில் ஓய்வு பெறுவது 2034-க்குப் பிறகுதான். கைதட்டு வாங்குகிறவர் ஒருவர், பில்லைக் கட்டப் போகிறவர் வேறொருவர். எல்லா மாநிலங்களும் இப்படித் திரும்பினால் செலவு புதிய திட்டத்தைவிட நாலரை மடங்கு வரை போகும் என்று ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்குச் சொன்னது.

இமாசலத்தில் 2024 செப்டம்பரில் சம்பளம் 5-ஆம் தேதி, பென்ஷன் 10-ஆம் தேதி என்று ஆக்கினார்கள். அது பழைய பென்ஷனுக்குத் திரும்பியதால் வந்த வினை அல்ல. அந்தச் சுமை இனிமேல்தான் வரும். ஆனால் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது. கஜானா காலியானால் முதலில் காத்திருக்கச் சொல்வது யாரை? சம்பளக்காரரைவிட ஐந்து நாள் கூடுதலாகக் காத்திருந்தவர் பென்ஷனர். ஏனென்றால் நாம் வேலை நிறுத்தம் செய்ய முடியாது.

நம் ஊரிலும் இதற்கு ஓர் அடையாளம் பார்த்தோம். 2020 மே மாதம் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது, மறு வருஷம் 60 ஆனது. பல பேருக்கு அதில் சந்தோஷம். ஆனால் ஓய்வு பெறுகிறவருக்கு மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை, கம்யூட்டேஷன் எல்லாம் இரண்டு வருஷம் தள்ளிப் போயின என்பதுதான் கஜானாவுக்குக் கிடைத்த ஆதாயம். தள்ளிப் போட்டது தீர்ந்து போனதாகாது.

2026 ஜனவரியில் தமிழக அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் பென்ஷன், ஊழியர் பங்கு 10 சதவீதம், மீதியை அரசு போடும் என்பது அதன் சாரம். அறிவிப்பை நான் வரவேற்கிறேன். பிள்ளைகளுக்கு வயதான காலத்தில் ஒரு பிடிமானம் வேண்டும். ஆனால் அந்த "மீதி" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. நம் கணக்குப்படி அந்த மீதி நூற்றுக்கு 18 முதல் 20. யார் ஆட்சிக்கு வந்தாலும், வெள்ளம் வந்தாலும், தேர்தல் வந்தாலும், ஒரு மாதம்கூடத் தவறாமல் அது தனிப் பெட்டியில் விழுந்தால் திட்டம் நிற்கும். இந்த வருஷம் கொஞ்சம் கையிருப்பு குறைவு, அடுத்த வருஷம் சேர்த்துப் போடலாம் என்று ஆரம்பித்தால், இன்னும் இருபது வருஷத்தில் ஆசிரியர்களும் வருவாய்த் துறைக்காரர்களும் போக்குவரத்துக்காரர்கள் நிற்கும் வரிசையில் போய் நிற்பார்கள்.

இன்னொரு குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். "உங்களுக்கெல்லாம் என்ன சார், மாதம் பிறந்தால் பென்ஷன். எங்கள் வரியில்தானே?" என்று ஆட்டோ ஓட்டுகிறவரும் காய்கறிக் கடைக்காரரும் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆனது. நம் தெருவில் அந்த 1,200-ஐ நம்பி இருக்கிற கிழவிகள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நம் பென்ஷனைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் பேச வேண்டும். ஆனால் அதற்காக நம் பென்ஷனைக் குறைப்பது அந்தக் கிழவிக்கு எதையும் கொடுத்துவிடாது. இருவருக்கும் தேவை ஒன்றுதான். வாக்குக் கொடுத்தவர் அதற்கான பணத்தை அன்றன்றைக்கே ஒதுக்க வேண்டும். ஒதுக்காத பணத்துக்குப் பிற்காலத்தில் வரி கட்டப் போவது அந்த ஆட்டோக்காரரின் பிள்ளையும்தான்.

ஆகவே நம் சங்கங்கள் "கொடு, கூட்டிக் கொடு" என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. இன்னும் மூன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, போக்குவரத்து ஓய்வூதியர்களின் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும். அறக்கட்டளைக்கு வருகிற வழியை 2003-இல் அடைத்தது அரசின் முடிவு. ஏற்பட்ட பள்ளத்தை நிரப்புவதும் அரசின் கடமை. இந்தக் கோரிக்கையை அவர்கள் மட்டும் தெருவில் நின்று கேட்கட்டும் என்று கருவூலப் பென்ஷனர்கள் நாம் வேடிக்கை பார்க்கக் கூடாது.

இரண்டாவது, பிள்ளைகளுக்கான பென்ஷன் நிதி அரசின் கைச்செலவுக் கணக்கோடு கலக்காத தனி நிதியாக இருக்க வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் ஊழியர்களின் பிரதிநிதியும் உட்கார வேண்டும். அதிலிருந்து கைமாற்று என்ற பேச்சே கூடாது.

மூன்றாவது, கணக்கு. இன்றுவரை கொடுத்த பென்ஷன் வாக்குறுதிகளின் மொத்த மதிப்பு எவ்வளவு, அதற்காகக் கையில் இருப்பது எவ்வளவு, பற்றாக்குறை எவ்வளவு என்று, ஆயுள் கணக்குப் போடத் தெரிந்த வெளி வல்லுநரை வைத்து வருஷம் ஒருமுறை கணக்கிட்டு, வரவு செலவுத் திட்டத்தோடு சட்டசபையில் வைக்க வேண்டும். நாலு வரி போதும். நமக்கும் புரியும், ஆட்டோக்காரருக்கும் புரியும். எந்த அரசு எவ்வளவு போட்டது, எவ்வளவு தள்ளிப் போட்டது என்பதும் தெரிந்துவிடும்.

நாம் வருஷத்துக்கு ஒருமுறை நேர்காணலுக்குப் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபித்துவிட்டு வருகிறோம். பென்ஷன் நிதியும் வருஷத்துக்கு ஒருமுறை அதே மாதிரி தன்னை நிரூபிக்கட்டும். இதைக் கேட்பதற்கு நமக்கு வயதும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் நான் கேட்கத்தான் போகிறேன். கூட எழுந்து நிற்க நாலு பேர் வந்தால் நன்றாக இருக்கும்.